இரண்டு விரல் தளர்ச்சி

நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. பாயை இழுத்துக் காலை மூடிக்கொள்ளுங்கள். அந்த விளக்கு எரியட்டும், அணைக்க வேண்டாம். இது என் சின்ன நாத்தனாரின் ஓரகத்திக்கு நடந்தது. அவள் பெயர் கம்ஹோ.

சாயங்காலம் ஆறேகால் மணி. புத்தாண்டு முடிந்து இருபது நாள். லேய் யூ மூன் நீரிணையில் ஒரு படகு... ஒரே ஒரு படகு. ஹாங்காங் நகரத்து விளக்குகளெல்லாம் பனிமூட்டத்துக்குள் போய்விட்டன. துடுப்பு கிரீச்... கிரீச்... வேறு சத்தமில்லை.

நமக்குத் தெரிந்ததுதான். ஆறு மணி நேரம் தண்ணீர் துறைமுகத்துக்குள்ளே ஓடும், ஆறு மணி நேரம் வெளிக்கடலுக்கு ஓடும். நடுவில் கால் மணி நேரம் அப்படியே நிற்கும். மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுக்கிற மாதிரி. அந்த நேரத்தில், படகிலேயே பிறந்து வாழ்கிற நம்மவர்கள் யாரும் பிள்ளையின் சொந்தப் பெயரைச் சொல்வதில்லை. பெயர் தெரியாதவனைத் தண்ணீர் எப்படிக் கூப்பிடும்? அதனால்தான் கம்ஹோவும் தன் நாலு வயது மகனைக் 'கௌசாய்' என்றே கூப்பிட்டாள். நாய்க்குட்டி. சொந்தப் பெயர் சிவப்புக் காகிதத்தில் எழுதி சாமிப் பெட்டிக்குள் இருந்தது.

நங்கூரமிட்ட கப்பல்களுக்கு மீன் கஞ்சி விற்றுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். கம்ஹோ பானை கழுவினாள். புருஷன் யாவ் துடுப்புப் போட்டான். பையன் இடுப்பில் கயிற்று வளையம், மறுமுனை படகின் பின்கட்டையில். பசித்தால் கயிற்றை இரண்டு தரம் சுண்டுவான். விசுக், விசுக். பேச்சை விட அதுதான் அவனுக்குச் சுலபம்.

"என்ன புள்ள, வளையம் தொளதொளன்னு கெடக்கு?" என்றான் யாவ்.

புத்தாண்டுக்குப் புத்தாண்டு ஒரு விரல் தளர்த்துவதுதான் வழக்கம். கம்ஹோ இந்தத் தடவை இரண்டு விரல் விட்டிருந்தாள்.

"வளர்ற புள்ளய்யா. அதுவும் உன் புள்ள. கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள தொப்ப போட்டுடுவான்."

யாவ் சிரித்தான்.

பனிக்குள் ஒரு கப்பல் ஊதியது. கப்பல் கண்ணுக்குத் தெரியவில்லை. அலை மட்டும் வந்தது. படகை ஒருபக்கமாகத் தூக்கி அடித்தது. பானை உருண்டது. தொப்...

கயிறு விறைத்தது. கம்ஹோ பாய்ந்து பிடித்தாள். கையில் கனம் இருந்தது, பிள்ளையின் கனம். பிறகு... இல்லை.

இழுத்தாள். வெறும் வளையம் வந்தது. முடிச்சு அவிழவில்லை.

யாவ் தண்ணீரில் குதித்தான். முங்கினான், எழுந்தான், முங்கினான். பனிக்கு அப்பால் தன் படகில் நண்டுக் கூடை எடுத்துவரப் போன செங் அண்ணன் அவள் அலறலைக் கேட்டு லாந்தரோடு பக்கத்தில் வந்தார். அவர் கழியால் துழாவினார். அவள் "கௌசாய்! கௌசாய்!" என்று தொண்டை கிழியக் கூப்பிட்டாள். தண்ணீர் கண்ணாடி மாதிரி நின்றது.

அப்போது அவள் பார்த்தாள். மிதந்த கஞ்சிக் கரண்டி மெதுவாக நகர்ந்தது. கிழக்கே. நீர் திரும்புகிறது. இனி ஓட்டம் எடுத்தால் பிள்ளை வெளிக்கடலுக்குத்தான்.

அவள் வாயைத் திறக்கும் முன்பே செங் அண்ணனுக்குப் புரிந்துவிட்டது.

"வேணாம்டீ! தங்கச்சி, அந்தப் பேர மட்டும் சொல்லிடாத! கேக்கறது அவன் மட்டும் இல்லடீ!"

"எம்புள்ள போறாண்ணே!"

சொல்லிவிட்டாள். மூன்று தரம். என்ன பெயர் என்று நான் சொல்லமாட்டேன், நாமும் படகில்தான் உட்கார்ந்திருக்கிறோம்.

அவளுக்கு முதுகுப்பக்கம், யாரும் தேடாத பக்கம், விளிம்பை ஒரு சின்னக் கை பற்றியது.

தூக்கினாள். அவன்தான். அதே மூக்கு, அதே உடைந்த முன்பல். அழவில்லை, இருமவில்லை, ஒரு சொட்டுத் தண்ணீர் கக்கவில்லை. துரு வாசனை அடித்தது... ரொம்ப நாள் சேற்றில் கிடந்த நங்கூரம் மாதிரி. அதெல்லாம் அவளுக்கு எங்கே தெரிந்தது! நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள். யாவும் ஏறிவந்து அழுதான். செங் அண்ணன் மட்டும் லாந்தரைத் திருப்பிக்கொண்டு, பையன் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டார்.

அன்று ராத்திரி அவன் இடுப்பளவுக்குப் புதுக்கயிறு கட்டினாள். கஞ்சி ஊற்றிவைத்து, "கௌசாய், வாடா" என்றாள்.

திரும்பவில்லை.

சொந்தப் பெயரை மெல்லச் சொன்னாள். உடனே திரும்பினான்.

மறுபடி, "கௌசாய்..."

பின்கட்டையில் பழைய கயிறு அவிழ்க்காமல் தண்ணீரில் தொங்கிக்கொண்டிருந்தது. அது அசைந்தது.

விசுக், விசுக்.

பாய்ந்து இழுத்தாள். வெறும் வளையம்.

"அறுத்துப் போட்டுடறேன்" என்று யாவ் கத்தியோடு வந்தான். "பைத்தியம் பிடிச்சுடும்டீ நமக்கு."

"அவனுக்குப் பசிக்குதுய்யா" என்றாள் அவள். "தொட்டே... உன் கையக் கடிச்சுருவேன்."

அன்றிலிருந்து நீர் நிற்கும் போதெல்லாம் அவள் பின்கட்டையில்தான். ஒரு பிடிச் சோறு போடுவாள், கூப்பிடுவாள். கயிறு சுண்டும். இழுப்பாள். ஒன்றும் வராது. கையெல்லாம் தோலுரிந்துபோயிற்று. ஒருநாள் பொறுக்கமாட்டாமல், படகில் இருந்தவன் காலைப் பிடித்துக்கொண்டாள். "உன்னைக் கும்பிடறேன். நீ போயிடு. என் புள்ளய விட்டுடு."

அவன் அவளையே பார்த்தான். "நீதானே கூப்பிட்டே?"

அடுத்த புத்தாண்டு வந்தது. வழக்கப்படி ஒரு விரல் தளர்த்த அவனை நிறுத்தி, கயிற்றைப் பார்த்தாள். தளர்த்த வேண்டியிருக்கவில்லை. ஒரு வருஷத்தில் நெல்முனை அளவுகூட அவன் வளரவில்லை.

கம்ஹோ பின்பக்கம் போனாள். பழைய கயிற்றை மெதுவாக, வலிக்கக் கூடாது என்கிற மாதிரி இழுத்தாள். நுனி மேலே வந்தது. அவள் போட்ட முடிச்சு, அவள் போட்டபடியே. வளையம் மட்டும் ஒரு விரல் பெரிதாகியிருந்தது.

உள்ளே கையை விட்டுப் பார்த்தாள்.

கயிறு கதகதவென்று இருந்தது... இப்போதுதான் இடுப்பிலிருந்து கழற்றினாற்போல.