கட்டணம்: ஒரு பாஸ்டி, ஒரு தவறு

மேடையில் அமர்ந்திருக்கும் நூலகக் குழுத் தலைவர் திருமதி டோலோரஸ் ட்ரெவாரோ அவர்களே! தேவாலயத்தின் இந்த அடித்தளக் கூடத்தை ஞாயிற்றுக்கிழமையான இன்றும் நமக்காகத் திறந்துவிட்ட பாதிரியார் அவர்களே! மார்ச் மாதத்திலும் விடாத பனியில் வண்டி ஓட்டிக்கொண்டு ஐந்து ஊர்களிலிருந்து வந்திருக்கும் நூலகப் பணியாளர்களே! காப்பிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில், கதவோரமாக உட்கார்ந்திருக்கும் திரு. வெய்ன் லூக்கனென் அவர்களே! எல்லோருக்கும் என் வணக்கம்.

என் பெயர் கொரின் போசியோ. பத்தாம் வகுப்பு படிக்கிறேன். நாம் இழந்துவிட்ட பயிற்றுநர் திருமதி இம்பி சாரெலா அவர்களின் எதிர்வீட்டுப் பெண். "எதிர்வீட்டுப் பிள்ளை ரெண்டு வார்த்தை பேசட்டும்" என்று இந்த நினைவுக் கூட்டத்துக்கு என்னை அழைத்தார்கள். நான் அதற்கு மேல் பேசப் போகிறேன். இதை ராத்திரியில், வீட்டில் ஒருவருக்கும் தெரியாமல் எழுதினேன். என்ன சொல்லப் போகிறேன் என்பது மூன்றாவது வரிசையில் இருக்கும் என் அம்மாவுக்கே தெரியாது.

பெரியோர்களே! எனக்கு எப்போதும் கேள்விகள் அதிகம். அதனால் ஒரு கேள்வியிலேயே தொடங்குகிறேன். வாரத்துக்குப் பதினைந்து மணி நேரச் சம்பளம் வாங்கும் ஒருவர், ஏரிப் பாலத்தைத் தாண்டி மாநிலத் தலைநகரில் நடக்கும் மூன்று நாள் நூலகப் பயிற்சிக்கு எப்படிப் போவார்? கட்டணத்துக்கே ஒரு மாதச் சம்பளம் போய்விடும். தங்குவதற்கு எங்கே போவார்? அவர் போய்விட்டால் இங்கே நூலகத்தை யார் திறப்பார்கள்?

இந்தக் கேள்வியை எல்லோரும் கேட்டார்கள். பதில் சொன்னவர் ஒருவர்தான். எங்கள் ஊர் நூலகத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற திருமதி சாரெலா, அடுத்த சனிக்கிழமையே ஒரு கரும்பலகையைத் தூக்கிக்கொண்டு இந்த அறைக்கு வந்தார். அதில் அவர் எழுதியது உங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். கட்டணம்: ஒரு பாஸ்டி, ஒரு தவறு.

பாஸ்டி சரி. கறியும் உருளைக்கிழங்கும் வைத்து மடித்துச் சுட்டால் எல்லோருக்கும் பசி தீரும். ஆனால் தவறு எதற்கு? மாதாமாதம் முதல் சனிக்கிழமை கூடும்போது, போன மாதம் வேலையில் செய்த ஒரு தவறை ஒவ்வொருவரும் எழுந்து நின்று சொல்ல வேண்டும்! சொல்லாதவருக்குக் காப்பி கிடையாது! உலகத்தில் எந்தப் பள்ளிக்கூடமாவது தவறைக் கட்டணமாக வாங்கியிருக்கிறதா?

அந்த முதல் வகுப்பில் முதலில் எழுந்தவர், அப்போது நூலக மேசையில் வேலை பார்த்த திருமதி ட்ரெவாரோ அவர்கள்தான். சொல்ல அனுமதி தந்திருக்கிறார். ஒருவர் வந்து ஏரியின் வரைபடம் கேட்டாராம். இவர் எடுத்துக் கொடுத்தாராம். மனிதர் மூன்று வாரம் தினமும் வந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாராம். தன் தம்பியின் படகு எந்த இடத்தில் மூழ்கியது என்பதைத்தான் அவர் தேடிக்கொண்டிருந்தார். அந்த விபத்தைப் பற்றிய செய்தித்தாள் பின்னாலிருந்த அலமாரியில் இருந்தது. என்ன வேண்டும் என்று அவரிடம் இன்னொரு தடவை யாரும் கேட்கவில்லை.

அன்றைக்குத்தான் திருமதி சாரெலா தன் ஒரே விதியைப் பலகையில் எழுதினார். அலமாரியைத் தொடுவதற்கு முன் மூன்று கேள்வி கேள். வந்தவர் முதலில் கேட்பது அவருக்கு வேண்டியதாக இருப்பதில்லை.

விதி சொல்வது எளிது. அதை இவர்கள் கடைப்பிடிக்கிறார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பெரிய நகரங்களில் வாசகர் வேடத்தில் ஆள் அனுப்பிச் சோதிப்பார்களாம். அதற்கும் செலவாகும். இவரே போன் செய்யலாம் என்றால், ஐந்து நூலகத்துக்கும் இவர் குரல் தெரியும்.

ஒரு வியாழக்கிழமை அவர் தெருவைக் கடந்து எங்கள் வாசலுக்கு வந்தார்.

"கொரின், உனக்குக் குரல் மாத்திப் பேச வரும்னு உங்க அம்மா சொன்னாங்களே, நெஜமா?"

"வருங்க. கிழவி குரல், ஜலதோஷம் பிடிச்ச பையன் குரல், மீன் பிடிக்க வந்த டூரிஸ்ட் குரல்."

"வெளியில சொல்லாம இருக்கவும் வருமா?"

"அது வந்ததில்லைங்க. முயற்சி பண்றேன்."

பெரியோர்களே! இரண்டு வருடங்களாக வியாழக்கிழமை நாலு மணிக்கு உங்கள் மேசையில் மணி அடித்ததே, யார் அந்தக் குரல்? ஏரியில் எத்தனை அங்குலம் உறைந்தால் லாரி ஓட்டலாம் என்று கேட்டதே, யார் அந்தக் குரல்? உறைந்த குழாய்க்கும், பூனைக்கு வைக்கிற பெயருக்கும், சாவ்னா என்கிற நீராவிக் குளியலறை அடுப்பில் போடுகிற கல்லுக்கும் உங்களைப் பாடாய்ப் படுத்தியதே, யார் அந்தக் குரல்?

நான்தான். உங்களை ஏமாற்றியதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் பதில்கள் எல்லாவற்றையும் உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன். அந்தக் கல் விஷயத்தில் எனக்கு இன்னும் சந்தேகம் இருக்கிறது.

திரு. வெய்ன் அவர்கள் ஹெம்லாக் பே நூலகத்துக்கு வருவதற்கு முன் மரம் ஏற்றும் லாரி ஓட்டியவர். ஒரு சனிக்கிழமை அவர் கட்டிய கட்டணம் இந்தக் கூடத்தில் பிரசித்தம்.

"ஒரு கிழவி முயல் பத்திப் புத்தகம் கேட்டுச்சு. முயல் வளர்ப்புன்னு ஒண்ணு இருந்துச்சு, எடுத்து வச்சேன். கடைசியில பாத்தா அதுக்கு வேணுங்கிறது முயல் கறிச் சமையல்! முதல்லயே சொல்லித் தொலைச்சா என்ன?"

"நீ கேட்டியா வெய்ன்?" என்றாராம் திருமதி சாரெலா.

அந்தக் கிழவியும் நான்தான், சார்.

இதுவரை சொன்னதற்குச் சிலர் சிரித்துவிட்டீர்கள். நான் கொண்டுவந்த தவறு இதுவல்ல. அது இனிமேல்தான் வருகிறது.

போன அக்டோபரில் திருமதி சாரெலா கேள்விப் பட்டியலை என்னிடமே கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னார். பேனா பிடிக்க அவர் விரல் வளையவில்லை. நான் ஏன் என்று கேட்டேன். அவர் மழுப்பினார். மறுபடியும் கேட்டேன். மூன்றாவது தடவை கேட்டதும் சொல்லிவிட்டார். தன் உடம்பு தேறாது என்றும், இது தெரிந்தால் சனிக்கிழமைப் பாடத்தை நிறுத்தச் சொல்வார்கள் என்றும் சொன்னார். ஒருவரிடமும் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். நான் தலையாட்டினேன்.

நவம்பர் பதினைந்தாம் தேதி, மான் வேட்டையின் முதல் நாள். பள்ளிக்கூடம் விடுமுறை. ஊரே காட்டுக்குள் போயிருந்தது. திருமதி சாரெலா உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தார். நான் அவர் சமையலறை போனை எடுத்து, பட்டியலில் இல்லாத ஒரு கேள்வியை, என் சொந்தக் குரலில் கேட்டேன்.

"ஹெம்லாக் பே நூலகம், வெய்ன் பேசறேன்."

"ரகசியத்தைக் காப்பாத்தறது எப்படின்னு புத்தகம் ஏதாவது இருக்குங்களா?"

முன்பெல்லாம் என்றால் புத்தகத்தின் வரிசை எண்ணைச் சொல்லிவிட்டுப் போனை வைத்திருப்பார். அன்று நாற்காலி கிறீச்சிடுவது கேட்டது. அவர் உட்கார்ந்துகொண்டார்.

"இருக்கும்மா. அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கறேன். ரகசியம் உன்னோடதா, வேற யாரோடதாச்சுமா?"

"வேற ஒருத்தரோடது."

"அதைச் சொல்லாம இருந்தா உனக்கோ வேற யாருக்காச்சுமோ ஆபத்து வருமா?"

"அதெல்லாம் இல்லைங்க. அவங்களுக்கு உடம்பு சரியில்ல. சரியாகவும் ஆகாதாம். எங்கிட்ட மட்டும்தான் சொல்லியிருக்காங்க."

பிறகு மெதுவாகக் கேட்டார்.

"சரிம்மா. இப்ப உனக்கு நெஜமா என்ன தெரியணும்?"

"அவங்க முன்னாடி அழாம எப்படி இருக்கிறது?"

"அது எனக்கும் தெரியலையேம்மா. எங்கப்பா போனப்போ நான் லாரிக்குள்ள கதவைச் சாத்திக்கிட்டு அழுதேன். உனக்கு லாரி ஏதாச்சும் வேணுமா?"

நான் சிரித்துவிட்டேன். பிறகு அழுதேன். அவர் போனை வைக்கவே இல்லை. "மொத நாள் வேட்டையை விட்டுட்டு இங்க உக்காந்திருக்கேன்னு என் மச்சான் கேலி பண்றான். நீ பேசு, எனக்கு இங்க ஒரு வேலையும் இல்ல" என்றார். நாற்பது நிமிடம்! என் பெயரை அவர் கேட்கவில்லை. "பேரெல்லாம் வேண்டாம். நூலகத்துல அது கேக்க மாட்டோம். நாளைக்கும் நான் இங்கதான் இருப்பேன்" என்றார். அன்று மாலை திருமதி சாரெலா எழுந்து வந்தபோது நான் அழாமல் அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன்.

டிசம்பர் முதல் சனிக்கிழமை அவரால் பாஸ்டித் தட்டைத் தூக்க முடியவில்லை. நான் தூக்கி வந்து, அதோ அந்தச் சமையலறைத் திறப்புக்குப் பின்னால் நின்றேன். வெய்ன் சார் எழுந்து கட்டணம் கட்டினார்.

"என் தவறு இந்தத் தடவை பெருசு. ஒரு பொண்ணு போன் பண்ணுச்சு. அதோட பிரியமானவங்க யாரோ சாகக் கிடக்கறாங்க. நாப்பது நிமிஷம் பேசினேன். ஒரு புத்தகம் எடுத்துக் குடுக்கத் தோணல. திரும்பக் கூப்பிடவும் வழியில்ல. அந்தப் பிள்ளை என்ன ஆச்சோ."

அன்று யாரும் சிரிக்கவில்லை. திருமதி சாரெலா மட்டும் திரும்பிச் சமையலறைத் திறப்பைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

அடுத்த வியாழக்கிழமை என்னைக் கேட்டார்.

"நான் குடுத்த பட்டியல்ல ரகசியம்னு ஏதாவது இருந்துச்சா?"

"இல்லைங்க."

"அப்ப அது உன் கேள்வி. வெய்ன் திருப்பி எத்தனை கேள்வி கேட்டாரு?"

"மூணுங்க. வெய்ன் சார்கிட்ட நீங்களே சொல்லிடுங்களேன். பாவம், தப்புப் பண்ணிட்டதா நெனைக்கிறாரு."

"யார் என்ன கேட்டாங்கன்னு முப்பத்தொரு வருஷத்துல நான் வாயைத் திறந்ததில்ல. போலீஸ் ஷெரிஃப் வந்து கேட்டப்பவே சொல்லல. உன் கேள்வியை வெளியில சொல்ற உரிமை உனக்கு மட்டும்தான் இருக்கு, கண்ணு."

"பயமா இருக்குங்க."

"தெரியுது. இன்னிக்கே சொல்லுன்னு நான் சொல்லலையே."

நான் அன்றும் சொல்லவில்லை, அடுத்த மாதமும் சொல்லவில்லை. சொன்னால் அவர் நோய் வெளியே தெரிந்துவிடும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். அவர் இறந்த பிறகு அந்தச் சாக்கும் போய்விட்டது, அப்போதும் சொல்லவில்லை. எங்கள் பள்ளிப் பேருந்து ஹெம்லாக் பே வழியாகத்தான் போகும். டிசம்பர் நடுவில் நூலகச் சன்னலில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'நவம்பர் பதினைந்தாம் தேதி போன் செய்தவருக்கு: உங்கள் புத்தகம் கிடைத்துவிட்டது. காத்திருக்கிறது.' மூன்று மாதமாகத் தினமும் இரண்டு தடவை அதைப் படிக்கிறேன். இறங்கிப் போய்க் கேட்டால் என் குரலை அடையாளம் கண்டுவிடுவார் என்று பயந்து, ஒரு நாளும் இறங்கவில்லை.

இரண்டு வாரத்துக்கு முன் அதன் கீழே இன்னொரு தாள் வந்தது. பொறுப்பாளர் விலகுவதால் மாதக் கடைசியோடு நூலகம் மூடப்படும் என்று போட்டிருந்தது. வெய்ன் சார் ஏன் விலகுகிறார்? திருமதி ட்ரெவாரோ கேட்டபோது அவர் சொன்னதாக அம்மா சொன்னார்: "ஆறு வருஷம் இம்பிகிட்டப் படிச்சேன். நெஜமாவே ஒரு பிள்ளைக்கு வேணுங்கிறப்போ கோட்டை விட்டுட்டேன். எனக்கு லாரிதான் சரி."

பெரியோர்களே, இதுதான் என் தவறு. ஒருவர் தன் வேலையை மிகச் சரியாகச் செய்தார். அது எனக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

இது திருமதி சாரெலாவின் நோட்டுப் புத்தகம். தன் மேசையிலிருந்து எடுத்துக்கொள்ளச் சொல்லி எனக்கு விட்டுப்போனது. இதில் ஒருவர் பெயரும் இல்லை. தேதிகளும், எத்தனை கேள்வி கேட்கப்பட்டது என்பதும் மட்டும்தான். நவம்பர் பதினைந்துக்கு நேராக, வளையாத விரலால் கிறுக்கியிருக்கிறார்: 'மூன்று கேள்வி. அலமாரியைத் தொடவே இல்லை. இவருக்கு இனி நான் கற்றுத்தர ஒன்றும் இல்லை.'

அம்மையார் இம்பி சாரெலா அவர்களே! உங்கள் பட்டியலில் இன்னும் நாற்பத்திரண்டு கேள்விகள் மீதி இருக்கின்றன. வியாழக்கிழமைதோறும் நாலு மணிக்கு நான் போன் செய்வேன். இனி என் சொந்தக் குரலில் செய்வேன். எனக்குப் பதில் சொல்லுங்கள் என்று ஐந்து நூலகங்களையும் கேட்டுக்கொள்கிறேன். மாதத்தின் முதல் சனிக்கிழமைதோறும் இந்தக் கரும்பலகை இங்கே இருக்கும் என்று திருமதி ட்ரெவாரோ வாக்குக் கொடுத்திருக்கிறார். அதில் எழுத ஒரு கை வேண்டும். அது யாருடைய கை என்பதை நோட்டுப் புத்தகம் சொல்லிவிட்டது என்று நினைக்கிறேன்.

பாஸ்டியை மேசையில் வைத்துவிட்டேன். தவறையும் சொல்லிவிட்டேன். என் கட்டணம் முடிந்தது.

வெய்ன் சார், அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. நாளைக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் ஹெம்லாக் பேயில் இறங்கப் போகிறாள். நூலகம் திறந்திருக்க வேண்டும், நீங்கள் இருக்க வேண்டும். மூன்று மாதமாக அவளுக்கு ஒரு கேள்வி இருக்கிறது. அது என்ன புத்தகம், சார்?