தவளக்குப்பம் பேனர்ல எங்கம்மா

ஹலோ... ஆமாங்க, கார்குழலிதான் பேசறேன்... யாரு?... ரெஸ்டாரண்ட் மேனேஜரா! சொல்லுங்க ராஜவேல் சார். நான் இப்ப உங்க பேனர் கீழதான் நிக்கிறேன், தவளக்குப்பம் ஜங்ஷன்ல.

என்னா, அழிக்கணுமா?... ஃபேஸ்புக்ல நான் போட்டதயா?... ஆமா, ஆமா, உங்க பேனர போட்டோ புடிச்சுதான் போட்டேன்... காப்பிரைட்டா? எனக்கா சொல்றீங்க?

இருங்க சார்... நான் சொல்றத கேளுங்க. எதத் திட்டறேன்னு ஜனங்களுக்குக் காட்ட வேணாமா? அதுக்குத்தான் கையகலத்துக்கு சின்னதா போட்டேன். விமர்சனம் பண்றதுக்கு அப்படிப் போட்டா சட்டத்துல இடம் இருக்கு. அழிக்க மாட்டேன்.

...ஆங், அதுக்கு வாங்க. பேனர்ல இருக்கறது யாரு?... யாரோ மீன்காரம்மாவா? எங்கம்மா சார் அது! ஆதிலட்சுமி. வீராம்பட்டினம். படம் எடுத்தவ நானு.

...நெட்ல கெடந்துச்சா? கெடக்கல. என் வெப்சைட்ல நான் வெச்சிருந்தேன்... சின்ன சைஸ்னா எல்லாருக்கும் ஃப்ரீன்னு யாரு சொன்னது? உங்க டிசைனரா? எவனும் பெருசா அடிச்சிடக்கூடாதுன்னுதான் நானே சின்னதாக்கிப் போட்டேன். பாடம் நடத்தறவங்க காட்டட்டும், நல்லால்லன்னு எழுதறவங்க எழுதட்டும், நான் கேக்க மாட்டேன். நீங்க மீன்கொழம்பு விக்கிறீங்க!

...ஆமா, ஆமா, சின்னப் படத்த அவ்ளோ பெருசா இழுத்தா ஒடையத்தான் செய்யும். தூரத்துலேர்ந்து பாத்தா எங்கம்மா. கிட்ட வந்தா மூக்கு எது வாய் எதுன்னு தெரியல, கட்டங்கட்டமா இருக்கு. அத மறைக்க உங்க ஆளு கருப்பு வெள்ளையாக்கி, சுத்தி மல்லிப்பூ பார்டர் வேற போட்டுட்டான். நம்ம ஊர்ல அப்படி எதுக்கு சார் பேனர் வெப்பாங்க?... சொல்லுங்க... ஆங். கண்ணீர் அஞ்சலி!

சிரிக்காதீங்க. எங்க மாமா கண்ணையன் பஸ்ல போறப்ப பாத்துட்டு, மாலையோட அழுதுகிட்டே ஊட்டுக்கு வந்துட்டாரு. கதவத் தொறந்தது எங்கம்மா. கூடப்பொறந்த தம்பி கையில தனக்கு மாலை... அன்னிலேர்ந்து அதுக்கு சோறு எறங்கல. எனக்கு வயிறு எரியுது சார்.

...சரி, மன்னிப்பு சரி... என்னா?... ஒரிஜினலா? பெரிய ஃபைல் குடுத்தா கலர்ல, பளிச்சுன்னு, என் பேரோட... யோவ்! இருக்குய்யா, எங்கிட்ட இருக்கு. புருவத்து முடி கூட தனித்தனியா தெரியும். குடுக்க மாட்டேன். எங்கம்மா மூஞ்சி எங்க இருக்கணும், எவ்ளோ பெருசா இருக்கணும்னு நாங்க சொல்லணும், நீ இல்ல.

...திங்கக்கெழம எறக்கறியா? முடியாது, இன்னிக்கே... போலீஸா? வரச்சொல்லு. படத்துல இருக்கறவங்க இங்க என் பக்கத்துலயே நிக்கறாங்க, யாருன்னு கேட்டு எழுதிக்கட்டும்...

இரு... அம்மா! ஏம்மா, நான் பேசிகிட்டுதான இருக்கேன்... பாத்து, பாத்து!

ஹலோ... அந்தச் சத்தமா? உங்க பேனர்தான். ஒரு பக்கம் சாஞ்சிடுச்சு... கயித்த யாரு அறுத்தாங்கன்னா? எங்கம்மாதான்யா, மீன் வெட்டற கத்தியால. போன வெக்கிறேன், அந்தப் பக்கத்துக் கயிறு அதுக்கு எட்டல.