ரெண்டாவது மேசைக்கு ஒரு டோக்கன்

இல்ல தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க கையில இருக்கிறது பச்சை டோக்கன், எனக்குக் கிடைச்சது மஞ்சள். மாத்திக்கலாமான்னுதான் கேட்டேன். மஞ்சள்னா முதல் மேசை, பச்சைன்னா ரெண்டாவது மேசை. வாசல்ல டப்பாக்குள்ள கையை விட்டு எது வருதோ அதை எடுத்துக்கணும்னு வச்சிருக்காங்களா, இன்னிக்குன்னு பார்த்து மஞ்சள் வந்து என் கையில ஒட்டிக்கிச்சு.

முதல் மேசைதான் உங்களுக்கு நல்லது. அதோ குதிரைவால் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கானே, அவன் படு கெட்டிக்காரன். உங்க டேபிள் லாம்ப்பைப் பார்த்த உடனே எங்க கோளாறுன்னு சொல்லிடுவான். ரெண்டாவது மேசையில, கண்ணாடியை மூக்கு நுனியில இறக்கி விட்டுக்கிட்டு ஒரு அம்மா இருக்காங்க பாருங்க, அவங்க ஒரு ஸ்க்ரூவைக் கழட்டினா அதோட குலம் கோத்திரம் எல்லாம் விசாரிச்சிட்டுத்தான் அடுத்த ஸ்க்ரூவுக்குப் போவாங்க. அவ்வளவு நிதானம். உங்களுக்கு வீட்டுல ஆள் காத்துக்கிட்டு இருக்கும்ல?

அப்ப நீங்க மட்டும் ஏன் அங்க போகணும்னு துடிக்கிறீங்கன்னா? விவரமான ஆளுதான் நீங்க. சொல்றேன், சொல்றேன். இந்த வரிசை நகர்ற அழகுக்கு ஊர்க்கதை மொத்தமும் சொல்லலாம். மடியிலயா? இது ஒரு சாமான். தூசி படக்கூடாதுன்னு துணி சுத்தியிருக்கேன். அதை அப்புறம் சொல்றேன். உட்காருங்க, இப்படி நகர்ந்து உட்காருங்க.

இன்னிக்கு விட்டா கிடையாது தம்பி. போர்டு பார்த்தீங்கல்ல? மியூசியத்துல இந்த ரிப்பேர் மேசை இன்னியோட முடியுது. அடுத்த வாரம் இந்த ஹால்ல தண்ணியைப் பத்தி ஏதோ கண்காட்சி வைக்கப் போறாங்களாம். அதனாலதான் வெக்கத்தை விட்டுக் கேக்குறேன். முன்னாடி உட்கார்ந்திருக்கிற அம்மாகிட்டயும் கேட்டேன். பச்சை டோக்கனை எடுத்துப் பர்ஸுக்குள்ள போட்டு ஜிப்பை மூடிக்கிட்டாங்க. ஏதோ தங்கக் காசைக் கேட்ட மாதிரி.

நான் மியூசியத்துக்கெல்லாம் வர்ற ஆளே இல்ல. உடைஞ்ச பானையைக் காட்டி டிக்கெட் வாங்குவாங்க, நமக்கெதுக்குன்னு இருந்தவ. ஒரு நாள் வெயில் மண்டையைப் பிளக்குது. பஸ் வர்ற வழியைக் காணோம். எதிர்ல இவ்வளவு பெரிய கட்டடம், கண்ணாடிக் கதவு. கண்டிப்பா ஏசி இருக்கும், பஸ் வர்ற வரைக்கும் நிப்போம்னு நுழைஞ்சேன். ஏசி என்னமோ இருக்கு. ஆனா இருக்கா இல்லையான்னு அதுக்கே சந்தேகம். சுவத்துல எழுதியிருக்கான், எங்க கரண்ட் பில்லைப் பார்த்து எங்களுக்கே தூக்கிவாரிப் போட்டது, அதனால குறைச்சு வச்சிருக்கோம், வேர்த்தா ஜன்னல் பக்கம் போங்க, நல்ல காத்து வரும்னு. பக்கத்துல அந்த பில்லையே சட்டம் போட்டு மாட்டி வச்சிருக்கான்! எனக்குச் சிரிப்பு தாங்கல. அடுத்தவங்களுக்குப் புத்தி சொல்றவங்களை நிறையப் பார்த்திருக்கேன். தன் பில்லைத் தானே மாட்டி வச்சுக்கிட்டவனை இங்கதான் பார்த்தேன்.

சரின்னு ஜன்னலைத் தேடிப் போறேன், சுவரை அடைச்சுக்கிட்டு ஒரு கண்ணாடி அலமாரி. உள்ள குப்பை! ஆமா, குப்பைதான். யாரோ ஒரு குடும்பம் ஒரு வருஷம் போட்ட குப்பையாம். கழுவிக் காயவச்சு, அடுக்கி, மேல லைட்டு வேற. மகாராணி நெக்லஸ் வைக்க வேண்டிய இடத்துல ஷாம்பூ பாக்கெட் ஜம்முன்னு உட்கார்ந்திருக்கு. திட்டி ஒரு வார்த்தை எழுதல தம்பி. இதுல உங்க வீட்டுல எதெல்லாம் இருக்குன்னு ஒரே ஒரு கேள்வி. நானும் விரல் விட்டு எண்ண ஆரம்பிச்சேன். இது இருக்கு, இது ரெண்டு இருக்கு, ஐயையோ இந்த டார்ச் லைட்டை போன மாசம்தானே தூக்கிப் போட்டோம்... அலமாரி முடிஞ்சு போச்சு, என் விரல் நிக்கல. வெளிய பஸ் வந்துட்டுப் போயே போச்சு.

அங்க நிக்கிறப்போ எங்க சம்பந்தியம்மா ஞாபகம்தான் வந்துச்சு. என் பையனைக் கட்டின பொண்ணோட அம்மா. அவங்க ஒரு ரகம். நூல் கயித்தைக் கூடச் சுருட்டி வச்சுக்குவாங்க. பசங்க தனிக்குடித்தனம் போனப்போ நான் பளபளன்னு ஒரு ஃப்ரிட்ஜ் வாங்கிக் குடுத்தேன். அவங்க என்ன கொண்டு வந்தாங்கன்னு நினைக்கிறீங்க? மிக்ஸி. அவங்க வீட்டுல ஓடிக்கிட்டு இருந்த பழைய மிக்ஸி! மோட்டாருக்குப் புதுசா காயில் கட்டி, பிளேடு மாத்தி, மூடிக்கு வேற ரப்பர் போட்டு. இனி இது இன்னும் ரொம்ப வருஷம் ஓடும்னு பெருமை வேற. எனக்குச் சுள்ளுன்னு ஏறிடுச்சு. வீட்டுல வேண்டாத சாமானைத் தள்ளிவிட என் பையன் வீடுதான் கிடைச்சுதான்னு கேட்டுட்டேன். வந்தவங்க எல்லாரும் கேக்குற மாதிரி.

அவங்க மட்டும் லேசுப்பட்டவங்களா? உங்க வீட்டுல இருக்கிறதுலயே பெரிய அறை குப்பைத்தொட்டிதான்னு என் பொண்ணு சொன்னா, நான்தான் நம்பலன்னாங்க. எப்படி இருக்கும் எனக்கு? அதோட போச்சு. மூணு வருஷம், முகத்துல முழிக்கல. பசங்க வீட்டுக்கு அவங்க ஒரு நாள் வந்தா நான் இன்னொரு நாள். எங்களைப் பிரிச்சுக் கூப்பிட்டே அதுங்க ரெண்டும் இளைச்சுப் போச்சு. சரி, அது கிடக்கட்டும்.

வெளிய போற வழியில ஒரு கூடை வச்சிருந்தான். ஏதாவது ஒரே ஒரு பழக்கத்தை மாத்திப் பாருங்க, இதை எடுத்துட்டுப் போங்கன்னு கூடை நிறைய துணியில தச்ச சின்னச் சின்னப் பட்டை. நான் இருக்கிறதுலயே சுலபமா ஒண்ணை எடுத்துக்கிட்டேன். ரூமை விட்டு வர்றப்போ ஃபேனை நிறுத்துறது. ஞாபகத்துக்கு அந்தப் பட்டையை ஸ்விட்ச் பக்கத்துல தொங்க விட்டேன். எங்க வீட்டுக்காரர் ஹால்ல பேப்பர் படிச்சுக்கிட்டு இருக்கார், நான் எழுந்து வர்றப்போ பழக்க தோஷத்துல ஃபேனை நிறுத்திட்டு வந்துட்டேன். மனுஷன் உள்ளதான் இருக்கார்! உனக்கு மியூசியத்துல மருந்து வச்சுட்டாங்கன்னார்.

அப்புறம்தான் இந்த ரிப்பேர் மேசை ஆரம்பிச்சாங்க, ஞாயித்துக்கிழமை மட்டும். கம்பி ஒடிஞ்ச குடை ஒண்ணு வீட்டுல இருந்துச்சு, கொண்டு வந்தேன். குடுத்துட்டு வாங்கிட்டுப் போற கடை மாதிரி நினைச்சேன். அதுதான் இல்ல. அந்தச் சுவத்துல எழுதியிருக்கிறதைப் படிங்க. பொருள் உங்களோடது, கையும் உங்களோடது, வழி மட்டும் எங்களோடது. நீங்க அதே பெஞ்சுல அவங்க பக்கத்துல உட்காரணும். அவங்க சொல்லச் சொல்ல நீங்கதான் கழட்டணும், நீங்கதான் மாட்டணும். முடியற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது. ஒரு தடவை தன் கையால சரி பண்ணிட்டா அப்புறம் லேசுல தூக்கிப் போட மனசு வராதாம். நல்ல தந்திரம் இல்ல?

அன்னிக்கு எனக்குப் பச்சை டோக்கன். போய்ப் பார்த்தா, ரெண்டாவது மேசையில அந்தம்மா. எனக்குத் திரும்பிப் போயிடலாம்னு இருந்துச்சு. அவங்களுக்கும் எழுந்து போயிடலாம்னு இருந்திருக்கும், முகத்துலயே தெரிஞ்சுது. ஆனா பின்னாடி வரிசை நிக்குது, மியூசியத்துப் பொண்ணு பக்கத்துல நின்னு உட்காருங்கம்மா உட்காருங்கம்மான்னு சிரிக்குது. உட்கார்ந்தேன். பிடிங்கன்னாங்க, பிடிச்சேன். திருப்புங்கன்னாங்க, திருப்பினேன். அப்படியில்ல, இந்தப் பக்கம்னாங்க. பேச்சு அவ்வளவுதான். குடை விரிஞ்சுது. ரெண்டு பேரும் குடையைப் பார்த்துத்தான் சிரிச்சோம், ஒருத்தரை ஒருத்தர் பார்த்து இல்ல.

ஏன் திரும்பிப் போகணும்னு தோணுச்சுன்னு கேக்குறீங்களா? அட இருங்க தம்பி, அதுக்குத்தானே வர்றேன்.

அடுத்த ஞாயிறு எங்க வீட்டு இஸ்திரிப் பெட்டி கெட்டுப் போச்சு. அதுக்கடுத்து டைம்பீஸ். அப்புறம் மேசை ஃபேன். எப்படியோ ஒவ்வொரு தடவையும் எனக்குப் பச்சை டோக்கனே வந்துச்சு. எங்க வீட்டுக்காரர் மிரண்டே போயிட்டார். சனிக்கிழமை சாயங்காலம் நல்லா இருக்கிற சாமான் ஞாயித்துக்கிழமை காலையில படுத்துக்குதே, யார் கண்ணு பட்டுச்சுன்னு புலம்புறார். ஃபேன் போன அன்னிக்கு புதுசு வாங்கலாம் வான்னு சட்டையை மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டார். தடுத்து நிறுத்தறதுக்குள்ள எனக்குப் போதும் போதும்னு ஆயிடுச்சு.

நீங்க சிரிக்க மாட்டீங்கன்னா ஒண்ணு சொல்றேன். எதுவும் தானாக் கெடல. நான்தான். அவர் தூங்கினதும் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கிட்டு உட்கார்ந்திடுவேன். ஒரு ஒயரைப் பிடுங்கி விடுறது, ஒரு நட்டைக் கழட்டி விடுறது. சாமானைக் காப்பாத்தறதுக்குன்னு மியூசியம் ஒரு மேசை போட்டா, அதுக்குன்னே நல்ல சாமானை உடைச்சு எடுத்துக்கிட்டு வர்றவ இந்த ஊர்லயே நான் ஒருத்திதான் இருப்பேன். சிரிக்காதீங்கன்னேன்ல!

அந்த டைம்பீஸ் அன்னிக்கு, டீ குடிக்கிறீங்களான்னு கேட்டாங்க. ஃபேன் அன்னிக்கு, கால் வலி தேவலையான்னாங்க. எனக்குக் கால் வலின்னு யார் சொல்லியிருப்பா? போன ஞாயிறு ஒரு ரேடியோ கொண்டு வந்தேன். மூடியைத் திறந்து ரொம்ப நேரம் உள்ள பார்த்தாங்க. கண்ணாடியை இன்னும் கொஞ்சம் இறக்கிக்கிட்டாங்க. அடுத்த தடவை கழட்டுறப்போ நட்டைத் தொலைச்சிடாதீங்க, இந்தச் சைஸ் கிடைக்கிறது கஷ்டம்னாங்க. மெதுவா, என் காதுக்கு மட்டும் கேக்குற மாதிரி. கையும் களவுமா மாட்டிக்கிட்டேன் தம்பி. எனக்கு முகமெல்லாம் சூடாயிடுச்சு. அவங்க ஒண்ணுமே நடக்காத மாதிரி உதட்டைக் கடிச்சுச் சிரிப்பை அடக்கிக்கிட்டு இருக்காங்க.

கண்டுபிடிச்சிட்டீங்களா? ம். அவங்கதான். எங்க சம்பந்தியம்மா.

வீட்டுக்கே போய்ப் பேசிடலாமேன்னு சுலபமாச் சொல்லிட்டீங்க. அங்க வாசல்ல போய் நின்னா வாங்கன்னு சொல்வாங்களோ மாட்டாங்களோ. இங்கன்னா உட்காருங்கன்னு சொல்லியே ஆகணும், விதி அப்படி. மருமகளுக்கு இது ஒன்பதாவது மாசம். நாளைக்கே வலி எடுத்தா ஆஸ்பத்திரியில ரெண்டு பேரும் ஒரே பெஞ்சுல உட்காரணும். அங்க நட்டும் இருக்காது, போல்ட்டும் இருக்காது. எதைப் பார்த்துக்கிட்டு உட்கார்றது? அதுக்கு முன்னாடி இன்னிக்கு ஒரு தடவை அந்த மேசையில உட்கார்ந்தாகணும். அவ்வளவுதான் எனக்கு வேணும்.

குடுக்குறீங்களா? நிஜமாவா? நல்லா இருப்பீங்க தம்பி. இந்தாங்க மஞ்சள். உங்க லாம்ப்பு பளிச்சுன்னு எரியும், பாருங்க.

அதோ, பச்சை லைட்டு போட்டுட்டாங்க. என்னைத்தான். இந்தத் துணியைக் கொஞ்சம் பிடிங்க, கனமா இருக்கு. ஆமா, மிக்ஸிதான். அதே மிக்ஸி. நேத்து மருமகள்கிட்ட என் மிக்ஸி ஓடல, ஒரு நாள் குடுன்னு கேட்டு வாங்கிட்டு வந்தேன். அத்தை, நாளைக்கே கொண்டு வந்திடுங்க, இது இல்லாம எனக்குக் கை ஒடிஞ்ச மாதிரின்னு சொல்லித்தான் குடுத்தா.

இதுல என்ன ரிப்பேரா? நேத்து ராத்திரி ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கிட்டு இது எதிர்லயும் உட்கார்ந்தேன். கவுத்து வச்சு, கை வைக்கப் போனேன். மனசு வரல. ஒரு ரிப்பேரும் இல்ல தம்பி. மூணு வருஷமா நல்லா ஓடுது. அதை அவங்ககிட்ட சொல்லத்தான் எடுத்துட்டு வந்தேன்.