விரல் அளவுக்குத் துளைத்த பந்து

பதுளையிலிருந்து மடுல்சீமை போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும். அவர் மடியில் பூசணிக்காய் அளவில் ஒரு பந்து. கொழும்பில், பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் பவுலிங் விளையாட்டு நடக்கும் இடத்தில் அவருக்கு வேலையாம்.

“ஒன் வெரல் அளவுக்கே ஓட்ட போட்டிருக்கு. வுட்டுப் பாரு.”

“லொடலொடன்னு ஆடுதுங்க.”

“அப்ப கைய விட்டு முன்னாடியே நழுவிருமே! பந்து திரும்பாதே!”

“எங்க திரும்பணும்?”

“பலகைத் தரையில முக்காவாசி தூரம் எண்ணெ பூசியிருப்போம். அதுல வழுக்கிட்டே போவும். எண்ணெ முடிஞ்சதும் தரையப் புடிச்சுத் திரும்பும். ஒன் கைய அளந்துட்டுத்தானே போனேன்?”

“நா தேயிலக் கொழுந்து பறிச்சு, நிறுத்துக் குடுத்துட்டு வந்ததும் அளந்தீங்க. வெரல்ல துணி சுத்தியிருந்துச்சுல்ல.”

அவள் கைக்குட்டையைக் கிழித்து விரல்களில் சுற்றி, பந்தைத் தூக்கினாள். ஆடவில்லை.

“நம்ம லயத்து வீட்டு வாசல்ல உருட்டுனா திரும்புமா?”

“அங்க ஏது எண்ணெ? நேராப் போயி தண்ணி ஓடுற கானுல விழும்.”

“அப்ப என்னையும் கொழும்புக்குக் கூட்டிட்டுப் போங்க.”

“அதுக்குத்தானே ஓட்டையே போட்டேன்.”