கடைசிப் பீரியட்

— ஹார்ன் அடிக்காதீக அண்ணாச்சி! கும்பிட்டுக் கேக்கேன், இன்னைக்கு மட்டும் அடிக்காதீக!

— டீச்சர், ஓடுத வண்டிக்கு முன்னால இப்படியா வந்து நிப்பாக? பிரேக் பிடிக்கலைன்னா என்னாவுறது? ஹார்ன் அடிச்சாத்தானே ஒங்க பிள்ளைக வரும்?

— அதுக்குத்தான் ஓடியாரேன். போர்டுல பாதிக் கணக்கு நிக்கும். ஒங்க ஹார்ன் கேட்டுட்டா ஓடைக்கு அங்கிட்டு உள்ள பிள்ளைக பூராவும் பையைத் தூக்கிரும். எங்க பள்ளிக்கூடத்துக்கு பெல் அடிக்கது நானில்ல, நீங்கதான்.

— கேட்டியளா டீச்சர், இந்த வண்டிய விட்டா அடுத்து நாளைக் காலைலதான். அதுக்கு நான் என்ன செய்ய?

— கடைசிப் பீரியட் முடியுத மட்டும் நில்லுங்க.

— நல்லாச் சொன்னீய! ஸ்டாண்டுல டைம்கீப்பர் என்னைய உரிச்சிருவான். போன வாரந்தான் ஒரு மெமோ. பெறகு சிவகிரி ட்ரிப்பு பிந்திரும், அங்கன நிக்க கூட்டம் என் வம்சத்தையே வையும்.

— டிரைவர்! என்ன அங்க பேச்சு? வண்டியை எடும். நான் சங்கரன்கோவில்ல ரயிலைப் பிடிக்கணும்.

— இந்தா, எடுத்துட்டேன் சார். டீச்சர், வழிய விடுங்க.

— விட மாட்டேன். இன்னைக்கு இன்ஸ்பெக்டர் வாராரு, அண்ணாச்சி. புதுசா வந்தவரு. இனிமேத்தான் வருவாரு போல. பழைய இன்ஸ்பெக்டர் வந்த அன்னைக்கு, கடைசிப் பீரியட்ல எட்டாப்புல ஒத்தப் பொட்டப்பிள்ளை இல்ல. பெல் அடிக்குத வரைக்கும் பிள்ளை இல்லைன்னா அன்னைக்குப் பள்ளிக்கூடம் நடந்ததாவே சேராதுன்னு எழுதிட்டுப் போயிட்டாரு. இன்னொரு தடவை அப்படி எழுதினா ஆறு, ஏழு, எட்டு மூணு வகுப்பையும் எடுத்திருவாக.

— எடுத்தா டவுன்ல போய்ப் படிக்கட்டும்.

— எவன் அனுப்புவான்? காலைல தீப்பெட்டி ஆபீஸ் வண்டி வேலைக்கு ஆளேத்த ஊருக்குள்ள வருதே, அதுல ஏத்திவிட்டுருவான். ஒங்க தெருப் பிள்ளை ஆறுமுகத்தாய் இப்ப எங்கன போறா?

— ...அதுல தான் போறா.

— நல்லாப் படிச்ச பிள்ளை அண்ணாச்சி.

— ஏம்மா, ஒரு பீரியட் குறைஞ்சா குடியா முழுகிரும்? காட்டுப் பள்ளிக்கூடம், அதுல பொம்பளப்பிள்ளைங்க. முழு நாளும் உக்கார வச்சு என்ன கலெக்டர் ஆக்கப் போறீங்களா?

— அதை அந்த இன்ஸ்பெக்டர்ட்டச் சொல்லுங்க சார். காலைலருந்து பிள்ளைக தொவைச்ச பாவாடை கசங்காம உக்காந்திருக்கு, அவரு வருவாரு வருவாருன்னு.

— வந்துதான் பார்க்கணுமா? இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடமெல்லாம் எப்படி நடக்கும்னு தெரியாதாக்கும்? உக்காந்த இடத்துலயே எழுதிட்டுப் போயிடலாம். டிரைவர், எடும்யா! என்ன, வண்டியை ஏன் அமத்துறீர்?

— ஸ்டார்ட் ஆவ மாட்டேங்குது சார்.

— இப்பத்தானே உறுமிக்கிட்டு நின்னது?

— உறுமுச்சு. இப்ப உறுமல.

— அண்ணாச்சி, மெமோ...?

— அது கெடக்கட்டும் டீச்சர். நீங்க கிளாஸுக்குப் போங்க. பிள்ளைகளைப் பதறாமப் படிக்கச் சொல்லுங்க, ஒண்ணு விடாம ஏத்திக்கிட்டுத்தான் போவேன்.

— திமிரா உமக்கு? டெப்போவுல புகார் கொடுத்து வேலையைக் காலி பண்றேன் பாரும். நான் யாருன்னு தெரியுமா?

— தெரியும் சார். நீங்க ஏறுதப்ப ஒங்க பியூன், ‘இன்ஸ்பெக்டர் ஐயாவுக்கு முன்சீட்டைக் குடு’ன்னு ஏத்திவிட்டுட்டுத்தானே போனான்? எறங்குங்க, கடைசிப் பீரியட் இன்னும் முடியல.