நிற்காத சர்வருக்கு ஒரு பாராட்டு விழா

தலைமை தாங்கும் தலைவர் அவர்களே! தலைவர் தலையசைக்கும் முன்னே தம் தலையை அசைத்துவிடும் துணைத்தலைவர் அவர்களே! கணக்கில் கறாரும் கைதட்டலில் கஞ்சமும் காட்டும் பொருளாளர் அவர்களே! ஊசியைக் கண்டு கண்ணை மூடினாலும் கையை நீட்டத் தவறாத இரத்தக் கொடையாளர்களே! பெரியோர்களே, தாய்மார்களே! இவர்கள் எல்லோரையும்விடப் பெரிய நாற்காலியில் புகைப்படமாக வீற்றிருக்கும் விழா நாயகரே, எங்கள் கணினி சர்வர் பெட்டி அவர்களே! தங்களை மாடியிலிருந்து தூக்கிவந்தால் மின்சாரம் அறுந்து சாதனையும் அறுந்துவிடும் என்பதால் படத்தோடு நிறுத்திக்கொண்டோம், மன்னியுங்கள். அனைவருக்கும் வணக்கம்.

நான் இந்த இரத்த வங்கியில் பழச்சாறு கொடுப்பவள். பள்ளிக்கூடத்தை நான் எட்டிப் பார்த்தேன். அது என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "நீதான் நல்லா வாயாடுவியே, பெட்டியைப் பத்தி ரெண்டு வார்த்தை புகழ்ந்துடு" என்றார் தலைவர். புகழத்தான் வந்திருக்கிறேன்.

என்ன சாதனை, என்ன சாதனை! ஆறு ஆண்டுகளாக ஒருமுறைகூட நிறுத்தப்படாத சர்வர்! நின்றதா? நிற்கவில்லை. அணைந்ததா? அணையவில்லை. திருடன் நுழையும்படி அதன் மென்பொருளில் இருக்கும் ஓட்டையை யாராவது அடைத்தார்களா? அதுவும் இல்லை. அடைக்க வேண்டுமென்றால் நிறுத்த வேண்டும். நிறுத்தினால் சுவரில் ஏறிக்கொண்டே போகும் அந்த நாள் எண்ணிக்கை பூஜ்யத்துக்கு வந்துவிடும். மானம் என்ன ஆவது? நிற்காத சர்வருக்காக நமக்குத் தரப்போகும் கேடயம் என்ன ஆவது?

தம்பி, அதற்குள் கை தட்டாதீர்கள். நான் இன்னும் புகழவே ஆரம்பிக்கவில்லை.

அந்தப் பெட்டிக்குள் ஒரு டேட்டாபேஸ். உங்கள் பெயர், முகவரி, இரத்த வகை, பரிசோதனையில் தெரிந்த நோய், எல்லாம் அதில்தான். மென்பொருள் ஓப்பன் சோர்ஸ். அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் படிக்கலாம். எங்கெங்கோ இருப்பவர்கள் படிக்கிறார்கள். ஓட்டையைக் கண்டால் காசு வாங்காமல் அடைக்கிறார்கள். "இன்ன இடத்தில் ஓட்டை, இதோ அடைப்பு" என்று ஊரறிய அறிவிக்கிறார்கள். அந்த அறிவிப்பை நல்லவர்கள் படிக்கிறார்கள். திருடர்கள் வரி விடாமல் படிக்கிறார்கள். படித்தும் அசையாத பெருமை நம் நிர்வாகத்துக்கு மட்டுமே உண்டு!

போன கூட்டத்தில் நான் தம்ளர் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். நம் கணினிக்காரத் தங்கச்சி நின்றபடி கேட்டாள்: "சார், செக்யூரிட்டி அப்டேட் வந்திருக்கு. புதுசா எதையும் சேர்க்காது. இதே ஸ்டேபிள் வெர்ஷன்தான், ஓட்டையை மட்டும் அடைக்கும். ரெண்டு நிமிஷம் நிறுத்தணும், அவ்வளவுதான்."

"நல்லா ஓடிக்கிட்டு இருக்கிறதை எதுக்கும்மா நிறுத்தணும்?" என்றார் தலைவர்.

"அதானே!" என்றார் துணைத்தலைவர். அவர் வேறு என்ன சொல்வார்?

"பக்கத்து இரத்த வங்கியில இதே ஓட்டை வழியாத்தான் சார் உள்ள பூந்துட்டாங்க. கொடையாளர்களோட நோய் விவரமெல்லாம் இப்ப கண்டவன் போன்ல கிடக்கு."

அப்போது பொருளாளர் ஒரு பொன்மொழி உதிர்த்தார்: "முகம் தெரியாதவன் சும்மா கொடுக்கிறதை எப்படிம்மா நம்புறது?"

தாய்மார்களே, எங்கே உட்கார்ந்துகொண்டு இதைச் சொன்னார்? இரத்த வங்கியில்! இங்கே கை நீட்டிய உங்களில் யார் முகம் பார்த்துக் கொடுத்தீர்கள்? யார் விலை பேசிக் கொடுத்தீர்கள்? சும்மா கொடுத்ததெல்லாம் சொத்தை என்றால், நம் குளிர்பெட்டியில் இருப்பது என்ன, குங்குமக் கரைசலா? ஐயா பொருளாளரே, கோபித்துக்கொள்ளாதீர்கள். நாளைக்கும் உங்களுக்குச் சர்க்கரை இல்லாத சாறுதான்.

இப்போது சிரிப்பை நிறுத்திவிட்டு ஒன்று கேளுங்கள். சில நாட்களுக்கு முன் ஒரு பெண் பிள்ளை என் மேசைக்கு வந்தாள். பரிசோதனையில் ஏதோ வந்திருக்கிறது போலும். தம்ளரைத் தொடவில்லை. "அக்கா, இது வீட்டுக்குத் தெரியாதுல்ல?" என்றாள்.

"தெரியாதுடி கண்ணு. பூட்டி வெச்சிருக்கோம்" என்றேன்.

எந்தப் பூட்டு? சாவி தெருவில் கிடக்கும் பூட்டு! அவளுடைய தூக்கம் பெரிதா, நம் சுவரின் எண் பெரிதா? அவளுடைய வாழ்வு பெரிதா, நாம் வாங்கப்போகும் கேடயம் பெரிதா? நின்று திருந்தினால் அது அவமானமா? நிற்காமல் ஓடி அவளை நடுத்தெருவில் நிறுத்தினால் அது சாதனையா? தலைவரே, புகழ்ச்சி இத்தோடு முடிந்தது. நாம் இங்கே கைதட்டிக்கொண்டிருக்கும் இந்த நேரத்திலும் அந்த ஓட்டை திறந்துதான் கிடக்கிறது. பதில் சொல்லுங்கள்.

...என்ன? ஒலிபெருக்கியில் சொல்லுங்கள் தலைவரே, கடைசி வரிசைக்கும் கேட்கட்டும்.

"எவ்வளவு நேரம்னு சொன்னம்மா?"

தங்கச்சி அங்கிருந்தே கத்துகிறாள்: "நகல் எடுத்து வெச்சாச்சு சார்! ரெண்டே நிமிஷம்!"

"சரி, போ. போய் நிறுத்து."

கேட்டீர்களா? இப்போது தட்டுங்கள் தம்பி! துணைத்தலைவரும் தலையசைத்துவிட்டார், தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது! ஓடுகிறாள் பாருங்கள், செருப்பைக்கூட மாட்டிக்கொள்ளாமல்.

அவள் மேலே வேலையை முடிக்கும்வரை நான் நன்றியைச் சொல்லிவிடுகிறேன். பேசவிட்ட தலைவருக்கு நன்றி. அவர் இனிமேல் விடமாட்டார். பொறுமை காத்த பெரியோர்க்கும் தாய்மார்க்கும் நன்றி. எந்த ஊரிலோ, எந்த மேசையிலோ உட்கார்ந்து, இங்கே ஒரு பெண் பயந்துகொண்டிருப்பதே தெரியாமல் அவளுக்காக அந்த ஓட்டையை அடைத்துக் கொடுத்த முகம் தெரியாதவர்களுக்கு நன்றி. நீங்கள் கொடுத்ததை, தாமதமாகத்தான், இன்று கை நீட்டி வாங்கிக்கொண்டோம். வணக்கம்!