கோட்டுப் பஞ்சும் குதிகாலும்

கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் வத்தேகம பஸ் புறப்படக் காத்திருந்தது. எனக்கு முன் ஆசனத்துப் பெண்ணின் மடியில் ஒரு வெற்றிக் கிண்ணம் இருந்தது. பக்கத்தில் அவளைவிட மூத்த ஒருத்தி.

“கோட்டோட தோள் பஞ்ச குதிகால்ல வச்சுத்தாங்க்கா ஓடினேன்.”

“என்னாடி சொல்ற?”

“புதுச் சப்பாத்து கடிச்சு ரெண்டு குதிகால்லயும் கொப்புளம். விளையாட்டுப் போட்டியில மூணு வருசமா எங்க ஆபிஸ் தோத்துக்கிட்டிருக்கு, இந்த வருசமும் விட முடியுமா? எங்க வீட்டுக்காரரு, யாரோ அவசரமா தைக்கக் குடுத்த சாம்பல் கலரு கோட்டப் பிரிச்சு, தோள்ல வைக்கிற பஞ்சு ரெண்டையும் எடுத்தாரு. நடுவுல கொப்புளம் அளவுக்கு ஓட்டை வெட்டி, சுத்தி ஒட்டிவிட்டாரு. சப்பாத்து கொப்புளத்துல படவே இல்ல.”

“அப்ப அந்தக் கோட்டு?”

“வேற பஞ்சு வாங்க நேரமில்ல. அப்படியே மூடித் தைச்சு, காலையில குடுத்துட்டாரு.”

“அடிப்பாவி! யாரு அந்த மனுசன்?”

“அப்ப எனக்கும் தெரியாதுக்கா. நானூறு மீட்டர்ல மொதலாவதா வந்துட்டு, சப்பாத்தக் கழட்டி கையில வச்சுக்கிட்டு மேடைக்குப் போறேன். பிரதம விருந்தாளி கப்போட நிக்கிறாரு. அதே சாம்பல் கலரு கோட்டு. ரெண்டு தோளும் தொங்கிக் கெடக்கு.”

மூத்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ஏதாச்சும் கேட்டாரா?”

“குனிஞ்சு என் காலப் பாத்துட்டு, ‘இந்தக் காலோட எப்படிம்மா ஓடினீங்க’ன்னாரு.”

“நீ என்னா சொன்ன?”

“‘எல்லாம் உங்க புண்ணியம் சார்’னேன்.”